மூன்றாம் எண் கண்ணாடி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மாயம்மாள் நடத்தும் மெஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவையும் இருந்ததில்லை. பன்னிரண்டு மணி தாண்டினால் மத்திக் குழம்பின் மணம் தெருவுக்கு வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்விடும். முதல் பந்தி மூட்டை தூக்குகிறவர்களுக்கு, இரண்டாம் பந்தி கடைப் பையன்களுக்கும் ஓட்டல் வேலைக்காரர்களுக்கும். மூன்றாம் பந்தியில் வருகிறவர்கள் மிச்சமிருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

"கோவில்பட்டிக்காரி அவிச்ச கப்பைக் கிழங்கைத் திங்க வைப்பின்ல இருந்து ஆள் வருதான்" என்று அவள் பெருமை அடித்துக்கொள்வாள். காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைப்பின் தீவிலிருந்து வருவது ஒரே ஒருவன்தான். அவனுக்கும் பக்கத்து அரிசிக் கிடங்கில்தான் வேலை. அதைச் சொல்லிக் காட்டினால், "அவனும் ஆளுதானே?" என்பாள்.

கயத்தாறு பக்கத்தில் பிறந்தவள். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பத்தொன்பதில் சுப்புராஜைக் கட்டிக்கொண்டாள். வேலை தேடி வந்த கணவன் பின்னாலேயே கொச்சிக்கு வந்து, ஐந்து வருடம் கிடங்குகளில் சுக்குப் புடைத்தாள். தும்மித் தும்மி ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மறுநாள் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். கூடையில் விற்க ஆரம்பித்து, பழைய பண்டகசாலை ஒன்றின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, இப்போது பதினான்கு வருடமாகிறது. பின்னால் இருக்கும் சின்ன அறையில் குடியிருப்பு. சுப்புராஜ் விடிவதற்குள் வைட்டிலா பஸ் நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு நாள் முழுக்க ராஜ்ஜியம் அவளுடையது.

அந்தக் கட்டடத்துக்கு எத்தனை வயது என்று அவளுக்குத் தெரியாது. முகப்பு ரோட்டைப் பார்த்திருந்தது, முதுகு காயலைப் பார்த்திருந்தது. சுவர் ஒன்றரை முழத் தடிமன் இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சித்திரை வெயிலில்கூட முதுகைச் சாய்த்தால் சில்லென்றிருக்கும். சாப்பிட்டு முடித்த மூட்டைக்காரர்கள் அந்தச் சுவரோரம் வரிசையாகப் படுத்து அரை மணி நேரம் கண்ணயர்வது வழக்கம். அவர்களைத் தாண்டித்தான் அவள் எச்சில் இலையை எடுப்பாள். திட்டிக்கொண்டேதான் தாண்டுவாள், ஆனால் ஒருநாளும் எழுப்பியதில்லை.

ஓர் ஐப்பசியில் மழை விட்டதும் கட்டட உரிமையாளரின் காரியஸ்தர் சுதீர் மாநகராட்சிக்கு ஒரு மனுக் கொடுத்தார். உரிமையாளர் குடும்பம் மும்பையில் இருந்தது. கட்டடம் விழும் நிலையில் இருக்கிறது, இடித்துவிட அனுமதி வேண்டும் என்பது மனு. இடித்தால் அங்கே காயலைப் பார்த்த தங்கும் விடுதி எழும்பும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

சாதாரணக் கட்டடமாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கலாம். இது மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இருப்பதை இடிக்கவோ, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு கூரை ஓட்டை மாற்றவோகூட அனுமதி வேண்டும். மனு வந்தால் யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அப்படித்தான் மண்டல அலுவலகத்தின் ஓவர்சியர் சுபாஷிணி ஒரு காலையில் ஏணியோடு வந்து இறங்கினாள்.

முப்பதை எட்டியிராத பெண். தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். சுவரில் மூன்று இடத்தில் விரிசல் ஓடியிருந்தது. ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் குழைத்துப் பூசி ஒட்டினாள். சிவப்பு மையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, தேதி எழுதி, படம் எடுத்துக்கொண்டாள்.

"என்ன மேடம், சுவத்துக்குப் பிளாஸ்திரி போடுதீகளா?" என்றாள் மாயம்மாள்.

"வைத்தியம் இல்லைக்கா, இது சோதனை. சுவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சுடும். மூணு மாசம் உடையாம இருந்தா, இது பழைய விரிசல், சுவர் நிக்கறதுன்னு அர்த்தம். ரிப்பேர் பண்ணச் சொல்லி ஓனருக்கு எழுதுவோம்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா சுவர் இப்பவும் நகர்றது. அப்புறம் ஆளை வெளியேத்தாம முடியாது. மேலிடத்துல இருந்து வந்து பார்ப்பா. இடிக்கறதா, தாங்கிப் பிடிக்கறதான்னு அவா முடிவு பண்ணணும்."

கதவருகே நின்ற சுதீர் சிரித்தார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். "உடையும் சேச்சி. ஞான் பந்தயம் கட்டுந்நு. தை மாசத்தில் வேற இடம் நோக்கிக்கோ."

"ஓம் வாயில கப்பையைப் போட" என்றாள் மாயம்மாள். பிறகு, காரியஸ்தர் என்பது நினைவுக்கு வந்து, "சாயா குடிக்கீகளா சார்?" என்றும் கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கண்ணாடி நின்றால் கடை நிற்கும். வாடகைக்கு அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பழைய காரியஸ்தர் வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடம். வெளியேற்றிவிட்டால் திரும்பி உள்ளே வர ஒரு பிடிமானமும் கிடையாது.

அன்றிலிருந்து காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் மூன்று கண்ணாடிகளையும் பார்ப்பது வழக்கமாயிற்று. மூன்றாம் எண் மட்டும் சமையல் மேடைக்கு மேலே, உத்தரம் சுவரில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. புகை படிந்து மங்கிவிடும். ஸ்டூலில் ஏறி ஈரத்துணியால் துடைப்பாள்.

போகிப் பண்டிகை வந்தது. தெற்குச் சீமைக்காரர்களுக்குப் பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் ஒட்டடை இருக்கக்கூடாது. அன்றைக்கு மெஸ்ஸுக்கு விடுமுறை. கரி பிடித்த சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் எண்ணுக்கு வந்ததும் கையை நிறுத்தினாள். கண்ணாடி குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது.

நார் பட்டு உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா? நேற்றுப் பண்டிகைக் கூட்டத்தில் பார்க்க மறந்திருந்தாள். அதற்கு முந்தின நாள் பார்த்தது, புகை மங்கலில் பார்த்தது. நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்று நிச்சயம். உடைந்த கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொண்டு யாராவது பொங்கல் பானை ஏற்றுவார்களா? ஊரில் முகம் பார்க்கும் கண்ணாடியில் கீறல் விழுந்தால் அன்று மாலைக்குள் அது வீட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அதுவும் அடுப்புக்கு நேர் மேலே! அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு துண்டையும் பெயர்த்துக் காகிதத்தில் சுற்றி, வாசலுக்கு வெளியே தண்ணீர் டிரம்முக்கு அடியில் செருகினாள். தெருவில் போட்டால் வெறுங்காலோடு நடக்கிறவன் காலைக் கிழிக்கும். படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய் அதே அளவில் புதிதாக ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்தாள். வெள்ளைச் சிமென்ட் குழைத்தாள்.

பண்டிகைக்கு லீவு போட்டிருந்த சுப்புராஜ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டீ, இது கவர்மென்ட் சாமான்ல?"

"கவர்மென்டு உடைஞ்ச கண்ணாடியையா ஒட்டிச்சு? நல்லதைத்தான் ஒட்டிச்சு. நானும் நல்லதை ஒட்டுதேன்."

"நம்பரெல்லாம் இருந்துச்சே."

"அதையும் எழுதுவேன். சும்மா பிடியும்."

எண்ணையும் தேதியையும் பார்த்துப் பார்த்துச் சிவப்பு மையில் எழுதினாள். மறுநாள் அடுப்புக்கும் கிரைண்டருக்கும் அரிவாள்மனைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தபோது, கை பழக்கத்தில் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

தோஷத்துக்குப் பயந்து மாற்றினாளா, கடை போய்விடும் என்று மாற்றினாளா? பின்னாளில் அவளே அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஸ்டூலில் ஏறும்போது தோஷம் மட்டும்தான் நினைவில் இருந்தது, சத்தியமாக. ஆனால் எண்ணை எழுதியபோது? யாருக்காகத் தேதியை அத்தனை கவனமாகப் பார்த்து எழுதினாள்? பொங்கல் பானைக்குத் தேதி தேவையில்லையே.

தை கடைசியில் சுபாஷிணி வந்தாள். பதினொன்றரை மணி. அவளுக்கு அன்று இன்னும் நான்கு கட்டடம் பாக்கி இருந்தது. ஏணியைப் போடவில்லை. கீழிருந்தே மூன்றையும் பார்த்தாள், படம் எடுத்தாள்.

"இதென்னக்கா, கண்ணாடிக்குப் பொட்டு?" என்று சிரித்தாள்.

"பொங்கலுக்கு வச்சது மேடம்."

"மூணும் நன்னா இருக்கு. நிம்மதியா இருங்கோ. இன்னைக்கே எழுதிடறேன்."

சுதீர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வண்டியை உதைத்தார். பந்திக்கு வந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மூட்டைக்காரர்களில் இளையவன் முத்துவேல் இலையில் தட்டித் தாளம் போட்டான்.

"யக்கா, சுவரு பாஸாயிருச்சு! பாயசம் எங்க?"

"நீ எட்டாங்கிளாஸ்ல பெயிலானியே, அதுக்கு வச்ச பாயசமே மிச்சம் கெடக்கு. தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பந்தி முடிந்தது. வழக்கம்போலச் சுவரோரம் துண்டை விரித்தார்கள். முத்துவேல் மூன்றாம் எண்ணுக்கு நேர் கீழே, சமையல் மேடையை ஒட்டி, தலையைச் சுவரில் வைத்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். மொத்தம் பதினோரு பேர்.

மாயம்மாள் இலை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினான்கு வருடமாக இப்படித்தான் படுக்கிறார்கள், ஒருநாளும் அவளுக்குப் பயம் வந்ததில்லை. இன்றைக்குச் சுவர் நல்ல சுவர் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஆதாரம், தான் காசு கொடுத்து வாங்கிய ஒரு கண்ணாடி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இந்த ஆனியில் மழை ஊற்றும்போதும் இவன் இங்கேதான் படுப்பான். வாயைப் பிளந்துகொண்டு.

"ஏலே முத்துவேலு, எந்திரி."

"யக்கா, பத்து நிமிசம்..."

"எந்திரின்னா எந்திரி. எல்லாரும் வெளிய போய்ப் படுங்க."

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவர்களை எழுப்பினாள். கதவைப் பூட்டி, தண்ணீர் டிரம்முக்கு அடியிலிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மண்டல அலுவலகத்துக்கு நடந்தாள். இரண்டாம் பந்திக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

சுபாஷிணி மேசையில் பாதி தின்ற பழம்பொரி பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தாள். மாயம்மாள் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். சிவப்பு மையில் பாதி மூன்று ஒரு துண்டில், மீதி மூன்று மறு துண்டில்.

"மேடம், நீங்க பாத்தது ஒங்க கண்ணாடி இல்ல. ஒங்களுது இது."

முழுக் கதையும் கேட்டு முடிப்பதற்குள் சுபாஷிணியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம்க்கா பண்ணிட்டேள்? நான் கையெழுத்துப் போட்டாச்சு! எஞ்சினியர் டேபிளுக்குப் போயாச்சு!"

"தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேன். பாதி தெரிஞ்சுதான் பண்ணேன்."

"தேய்க்கும்போது உடைஞ்சதா, முன்னாடியே உடைஞ்சதா?"

"அதுதான் மேடம் தெரியல. அதுக்குத்தான் இதைக் கொண்டாந்தேன். ஒங்களுக்குத் தெரியுமோ என்னவோ."

சுபாஷிணி இரண்டு துண்டுகளையும் வெள்ளைத்தாளின் மேல் சேர்த்து வைத்தாள். அவை ஒன்றோடொன்று பொருந்தின. குனிந்து வெகு நேரம் பார்த்தாள். எதுவும் பட்டு உடைந்திருந்தால் அந்த இடத்திலிருந்து கீறல்கள் சிதறியிருக்கும், விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கும். இங்கே ஒரே கோடு. இழுத்துப் பிரித்தது போல, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராக ஓடியிருந்தது.

"நீங்க உடைக்கலைக்கா" என்றாள் மெதுவாக. "சுவர்தான் உடைச்சிருக்கு."

மாயம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தான் உடைக்கவில்லை என்பதில் ஒரு கணம் ஆறுதல். அதன் பின்னாலேயே மற்றது வந்தது.

"அப்போ கடை போச்சு."

சுபாஷிணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "நானும் ஏணி போட்டுப் பார்த்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, எஞ்சினியர் மேசைக்குப் போய், தான் எழுதிய அறிக்கையைத் திருப்பிக் கேட்டாள். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எஞ்சினியர் என்னவோ கடுமையாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னாள், ஆனால் அறிக்கையைக் கையிலிருந்து விடவில்லை.

திரும்பி வந்து புதுத்தாளை எடுத்தாள். "வாக்குமூலம் எழுதணும்க்கா. கண்ணாடியை மாத்தினதும் அதில் வரும். உங்க மேல நடவடிக்கைன்னு யாராவது கிளம்பலாம். யோசிச்சுக்கோங்கோ."

"எழுதுங்க மேடம். எம்பேரையும் முழுசா எழுதுங்க. நாம பாதியை எழுதுனா மீதிய அந்தச் சுதீர் எழுதிருவாரு."

தமிழில் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு சொல்தான் அவளுக்கு எழுதத் தெரியும்.

நான்கு நாளில் குழு வந்தது. கூரை ஓட்டைப் பிரித்தபோது உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த முனை வெளிப்பட்டது. ஒரு பெரியவர் விரலால் தொட்டார். ஈர அவல் போல உதிர்ந்தது. முனை இற்றுப்போனதால் கூரையின் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழையைச் சுவர் தாண்டியிருக்காது என்றார் அவர். கேட்டுக்கொண்டு நின்ற முத்துவேல் தன் தலை இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான். அன்று அவன் பாயசம் கேட்கவில்லை.

சுதீருக்குத் தலைகால் புரியவில்லை. "ஞான் பறஞ்சதல்லே? உடைஞ்சாச்சு! எப்ப இடிக்கலாம் மேடம்?"

"யார் சொன்னா இடிக்கலாம்னு?" என்றாள் சுபாஷிணி. "தள்ளறது உத்தரம். உத்தரத்தை மாத்தணும், சுவரைத் தாங்கு கொடுத்துச் சுண்ணாம்புச் சாந்திலேயே கட்டணும், அதே ஓட்டைத் திரும்பப் போடணும். பட்டியல்ல இருக்கற கட்டடம். நோய் இன்னதுன்னு தெரிஞ்சாச்சு. இனி வைத்தியம் பண்ணாம சாக விட்டா ஓனர்தான் பதில் சொல்லணும்."

சுதீரின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் மூன்று விரிசலுக்குப் பூச்சு வேலையோடு போயிருக்கும். மழையில் சுவர் தானாக விழுந்திருந்தால் விடுதி எழும்பியிருக்கும். இரண்டும் இல்லாமல் போயிற்று.

மாயம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். சுபாஷிணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"திரும்ப உங்களுக்கே கொடுக்கணும்னு நான் எழுத முடியாதுக்கா. என் பேனா சுவர் வரைக்கும்தான் போகும். வாடகை விஷயம் ஓனர் கையில்."

"நான் ஒண்ணும் கேக்கலியே மேடம்."

"ஆனா ஒரு கட்டம் இருக்கு." கையிலிருந்த படிவத்தைக் காட்டினாள். "கட்டடம் இப்ப எதுக்குப் பயன்படறதுன்னு. எல்லாரும் 'கிடங்கு'ன்னு எழுதிட்டுப் போயிருக்கா. கிடங்கா இது? நான் 'தொழிலாளர் உணவகம், பதினான்கு வருஷமா'ன்னு எழுதியிருக்கேன். பயன்பாட்டை மாத்தணும்னாலும் அனுமதி கேக்கணும்."

"பேரு?"

"பேர் எழுத இடம் இல்லை."

"போட்டும்" என்றாள் மாயம்மாள். "எம்பேரு சோத்துல இருக்கு."

பஜார் ரோட்டிலேயே எதிர்ச்சாரியில் ஒரு கிடங்கின் முற்றத்தில் தகரம் இறக்கி அடுப்பும் குடித்தனமும் வைத்தாள். வாடகை அதிகம், நிழல் குறைவு. மழைக்காலத்தில் இலையில் குழம்பு தண்ணீராயிற்று. சுப்புராஜ் ஒருமுறை, "பேசாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். ஆனால் அவளுக்கே அந்த நினைப்பு வராமலில்லை. நனைந்த விறகை ஊதும் காலைகளில் வந்தது. வந்தபோதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்ப்பாள். சாரத்தில் ஆட்கள் நின்று சுவரைக் கல் கல்லாகத் திருப்பி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை சுபாஷிணி வருவாள். ஏணியில் மேலே ஏறாமல் அவள் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

பத்து மாதத்தில் வேலை முடிந்தது. சுதீர் வேறோர் ஆளைக் கூட்டிவந்து உள்ளே மெஸ் போட்டார். நெய்ச்சோறு, கோழி, மின்விசிறி எல்லாம் இருந்தது. மூட்டைக்காரர்கள் முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்து இலை போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அந்த ஆள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு காயலைத் தாண்டிக் கலூருக்கே போய்விட்டார்.

அடுத்த வாரம் மூன்றாம் பந்தியில் சுதீர் வந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்ததைச் சாப்பிட்டார். வாயை மூடிக்கொண்டு போகவில்லை.

"சேச்சி, பேப்பர்ல மெஸ் வேணும்னு எழுதியிட்டுண்டு. மாயம்மாள் வேணும்னு எழுதியிட்டில்லா."

"தெரியும் சார்."

"ஆனாலும்... எப்ப வருந்நு?"

"எம்பேருல வாடகைச் சீட்டு எழுதிக் கொண்டாங்க. பதினோரு மாசச் சீட்டு வேண்டாம், அஞ்சு வருசத்துக்கு."

"அஞ்சோ! முதலாளி என்னைக் கொல்லும்."

"அப்போ ரசம் ஊத்தட்டா? மீன் தீந்துருச்சு."

மும்பைக்கும் கொச்சிக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. எட்டாம் நாள் மூன்று வருடச் சீட்டோடு வந்தார். இங்கேயே எட்டு வரை படித்த முத்துவேல் மலையாளத்தில் இருந்ததை இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பழைய இடத்தில் முதல் பந்தி. புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பத்து மாதம் திறந்தவெளியில் உண்டு பழகிய கூட்டம் முகத்தைச் சுளித்தது.

"உள்ள ஒரே புழுக்கமா இருக்குக்கா" என்றான் முத்துவேல்.

"அப்போ இலையைத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் துண்டை உதறி, மூன்றாம் எண் இருந்த சுவரோரமாக இடம் பார்த்து விரித்தான்.